எட்டாம் மாதத்துப் பிள்ளை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ் வர நேரமாகும் என்றால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுவேன். குக்கர் விசில் அடிப்பதற்குள் மாடிக்கு ஓடிக் காய்ந்த துணியை எடுத்து வந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். புகுந்த வீட்டில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் ஆறாம் மாதத்தில் டாக்டரம்மா சொன்னார்: "இனிமே பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருங்க. மத்த நேரமெல்லாம் படுக்கைதான்." கர்ப்பப்பையின் வாய் தளர்ந்திருந்தது. தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தையலை நம்பித்தான் பிள்ளை உள்ளே இருந்தது.

எழுந்து ஓடாமல் நான் அந்தப் பேச்சைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருடம் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே நழுவிப் போயிருந்தது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் நல்ல மனுஷி. ஆறுதலாகத்தான் சொன்னார்: "அழாதம்மா. இது தேறாத மாசம். இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பார்த்திருக்கலாம்." நான் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். தேறாது என்பது என் வாயில் தினமும் புழங்குகிற சொல். அதை என் பிள்ளையைப் பார்த்து இன்னொருவர் சொன்னபோது கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையில் நிழல்வலை போட்டு நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். மிளகாய், கத்தரி, தக்காளி, சாமந்தி. குழித்தட்டுகளில் தென்னை நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, நாற்றாக்கி விற்பதுதான் வேலை. நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் பேரம் பேசுவார்கள். நானும் தெலுங்கிலேயே முடியாது என்பேன். எந்த விதை வந்தாலும் முதலில் ஒரு கைப்பிடி எடுத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைத்துப் பார்ப்பேன். பாதி முளைக்கவில்லை என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன். "இது தேறாதுங்க, எடுத்துகினு போங்க" என்று நான் சொல்கிற வேகத்தைப் பார்த்து, விதை கொண்டுவருகிற ஆட்கள் வாசலிலேயே தயங்குவார்கள்.

ஈரத்துணி சொல்வதெல்லாம் உண்மையில்லை என்பதும் எனக்குத் தெரியும். புதிதாக எடுத்த கத்தரி விதை பல நாள் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று கொட்டினால், கொட்டின இடத்தில் மழைக்குப் பிறகு முளைத்து நிற்கும். இன்னொரு பக்கம், துணியில் வெள்ளை வெளேரென்று முளை நீட்டி ஆசை காட்டுகிற விதை தட்டுக்குப் போனதும் தலை தூக்காமல் அழுகிவிடும். முளைப்பது வேறு, தேறுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு போக நஷ்டம் ஆனது.

விதைக்கு மட்டுமா இந்தக் கேள்வி? பண்ணை தொடங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தத் தொழில் வயபிளா என்று கேட்டார். "தேறுமான்னு கேக்கறீங்களா சார்? ஒரு போகம் நடத்தினாத்தானே தெரியும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மையார்குப்பத்தில் என் அப்பா வைத்திருக்கும் இரண்டு பவர்லூம் தறிகளைப் பார்த்து ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒரு சொந்தக்காரர், இது இனிமேல் தேறாது என்று சொல்லிவிட்டுப் போவார். தறிச் சத்தத்தில் அப்பாவுக்குப் பாதி காது கேட்காது. அவர் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்.

ஆனால் வயிற்றில் இருப்பதைப் பற்றி அப்படித் தலையாட்டிவிட்டு இருக்க என்னால் முடியவில்லை. எந்த நாளிலிருந்து தேறும்? அதைத்தான் டாக்டரம்மாவிடம் ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒரு தேதி சொன்னால் போதும், காலண்டரில் வட்டம் போட்டு அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன் என்றேன். அவர் தேதி சொல்லவில்லை. "அதெல்லாம் கோடு கிழிச்ச மாதிரி இல்லம்மா. இதே பிள்ளை இங்க பொறந்தா ஒரு கணக்கு, எல்லா வசதியும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில பொறந்தா வேற கணக்கு. யாரு கையில வந்து விழுதுங்கறதும் இருக்கு" என்றார். நேராகக் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

படுக்கையில் கிடந்த நாட்களை எப்படிச் சொல்வது? மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் எதில் தூசி அதிகம் என்று எனக்குத் தெரியும். பண்ணைக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தோம். அவளுக்குப் போன் செய்து தண்ணீர் விட்டாயா, வலையைத் தூக்கிக் கட்டினாயா என்று நச்சரித்தேன். மூன்றாம் நாளே அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியில் ஈரத்துணிச் சோதனையைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொன்னேன். மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும். சுருட்டிய துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்போரம் வைத்துக்கொண்டு படுத்தேன். பொறுமை இருந்தால்தானே? காலையில் பிரித்துப் பார்ப்பேன், மத்தியானம் பிரித்துப் பார்ப்பேன். பிரித்துப் பிரித்து ஈரம் போய், நல்ல விதையையும் நானே கெடுத்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கூடவே இருந்தவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை ரயிலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் அத்தையும்தான்.

அத்தைக்கும் எனக்கும் சண்டை கிடையாது. ஆனால் தன் மகன் விஷயத்தில் அவர் நடந்துகொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் கோபமாகவும் இருக்கும். தான் பிறந்த ஆந்திரப் பக்கத்து வழக்கப்படி பெற்ற மகனை நைனா என்று கூப்பிடுவார். முப்பத்தைந்து வயது ஆளுக்குச் சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். தும்மினால் மிளகுக் கஷாயம். கிணற்றடிக்குப் போகக் கூடாது, மாமரத்தில் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி ஓட்டக் கூடாது. ஊரில் பள்ளிக்கூடப் பையன்கள்கூடப் பைக்கில் பறக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டுவேன், அவர் பின்னால் மப்ளரோடு உட்கார்ந்து வருவார். மார்க்கெட் தெருவில் கிண்டல் பண்ணாத கடைக்காரர் இல்லை. அவர் நல்ல மனிதர், கூடவே சிரித்துவிடுவார்.

"ஏழு மாசத்துலயே பொறந்த புள்ளம்மா அவன். உடம்பு அப்படி" என்பார் அத்தை. இதைத் தெருவில் எல்லோரும் அறிவார்கள். கணவரும் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, யாராவது அவரை அவசரக்காரர் என்றால், பொறந்ததே ஏழு மாசத்துல என்று சொல்லிக்கொள்வார்.

ஆனி போய் ஆடி வந்ததும் அத்தை வேறு ஆளாக மாறினார். டாக்டரம்மா வாரக் கணக்கில் பேசுவார். அத்தைக்கு வாரம் கிடையாது, தமிழ் மாதம்தான். அந்தக் கணக்கின்படி ஆடியோடு எனக்கு ஏழு முடிகிறது, ஆவணி பிறந்தால் எட்டு. ஏழில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது இந்தப் பக்கத்தில் வயதான பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஏழைவிட எட்டு பெரியதாயிற்றே, ஒரு மாதம் கூடுதலாக உள்ளே இருந்த பிள்ளை எப்படி நலிந்து போகும் என்று கேட்டால், அது அப்படித்தான் என்பார்கள்.

நாள் போகப் போக அத்தைக்குத் தூக்கம் போயிற்று. என்னைச் செக்கப்புக்கு அழைத்துப் போன அன்று, நான் தடுப்பதற்குள் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டார்.

"இந்த மாசத்துக்குள்ளயே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்களேன், புண்ணியமா போவும். இவளுக்கு எப்படியும் மாசம் நிறையாது. எட்டுல வந்துட்டா இன்னா பண்றது?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏங்க, உள்ள ஒரு நாள் கூட இருந்தா வெளிய பல நாள் மிச்சம். அதுக்குத்தான் இந்தப் பொண்ணைப் படுக்கப் போட்டு வெச்சிருக்கேன். நீங்க எடுங்க எடுங்கன்னு சொல்றீங்க! வலி வந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போங்க, வேற எதையும் யோசிக்காதீங்க" என்றார்.

அத்தை தலையாட்டினார். தலையாட்டியது ஒப்புக்குத்தான், மனசார இல்லை என்பது ஆட்டோவில் திரும்பும்போதே தெரிந்தது. "அந்தம்மா நல்லாத்தான் படிச்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. சொன்னால் வெட்கம், நானும் காலண்டரில் ஆவணி ஒன்றாம் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஈரத்துணியில் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவள் நான். பயம் வந்தால் நம்பிக்கைக்கு அத்தாட்சி தேவைப்படுவதில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று வலி வந்தது. வேறு நாளே கிடைக்கவில்லை. ஊர் முழுக்க மஞ்சள் வேட்டியும் பூக்காவடியும். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். விசேஷ ரயில்கள் விட்டிருந்ததால் கணவருக்கு அரக்கோணத்தில் இரட்டை வேலை. பம்பைச் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. முதலில் அந்தச் சத்தம்தான் வயிற்றில் அதிர்கிறது என்று நினைத்தேன். சத்தம் தெருமுனை தாண்டிப் போன பிறகும் வயிறு கல்லாக இறுகி, விட்டு, மறுபடி இறுகியது.

"அத்தை, வலிக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

என் போன் சார்ஜில் இருந்தது. அத்தை எடுத்தார். எடுத்தவர் பட்டனை அழுத்தவில்லை. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் கால்மாட்டில் நின்றார்.

"அத்தை!"

"கொஞ்சம் பொறும்மா. அங்க போனா ஊசி போட்டு நிறுத்திடுவாங்க. இன்னும் ஏழு முடியல. வர்றது இப்பவே வந்துடட்டும். அந்த முருகனே பார்த்து இன்னிக்கி அனுப்பறான்னு நெனைச்சுக்கோ."

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கருகிவிடும். என் பிள்ளைக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு தையல்தான் இருந்தது. வைத்தியர்கள் இருக்கிற இடம் தூரத்தில் இருந்தது. இவர் கையில் போன். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, மரியாதை தாண்டித்தான் இருக்கும். அவர் அழுதார், ஆனால் போனைக் கொடுக்கவில்லை. அப்புறம் நான் கத்துவதை விட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தேன். எழுந்திருக்கவே கூடாத நான் எழுந்து நிற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அத்தை பதறிப் போனார். "வேணாம், வேணாம், படு" என்று என்னை ஒரு கையால் அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் போனை என் உள்ளங்கையில் திணித்தார்.

ஆம்புலன்ஸ் பின்பக்கத் தெருக்களில் வளைந்து வந்தது. திரும்பிப் போக அந்த வழியும் இல்லை, கூட்டம் நிறைந்துவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தால் தலைகளும் காவடிகளும்தான். இத்தோடு சரி என்று நினைத்தேன். ஆனால் சைரனைக் கேட்டதும் யாரோ ஒருவர் அரோகரா என்று கையைத் தூக்கினார். காவடிகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கின. முன்பின் தெரியாத அத்தனை பேரும் என் வண்டிக்கு வழி விட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து நான் அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த அத்தை என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வலியை நிறுத்த ஊசி போட்டார்கள். பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர இன்னொரு ஊசி. வலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிள்ளை உள்ளேயே இருந்தது. என்னையும் அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். கணவர் மப்ளர்கூட இல்லாமல் ஓடி வந்து நின்றார். போனை வைத்துக்கொண்டு நின்ற கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை என்பதைவிட, சொன்னால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. அத்தையோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அவர் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார், பிசைந்து கொடுப்பார், நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

ஆவணி பிறந்தது. எட்டு. டாக்டர்களுக்கு அது இன்னொரு நல்ல நாள், அவ்வளவுதான். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்: தாண்டிவிட்டோம், இனி ஒவ்வொரு நாளும் லாபம். மத்தியானம் அத்தை வந்தார். கேரியரைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்துக் கட்டில் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி முன்னால் இப்படி அழுகிறாரே என்று நான் சுள்ளென்று ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அவர் குனிந்து, என் காதோரம் பேசினார்.

"உன் புருஷன் ஏழு இல்லம்மா. எட்டு."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார்.

அவருக்குப் பிரசவம் நடந்தது ஆந்திரப் பக்கம், அவர் அம்மா வீட்டில். மாசம் நிறையாமல், கையளவு பிள்ளை, அழக்கூட இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் என்றுதான் முதலில் கேட்டாராம். வாசலில் புருஷன் வீட்டு ஆட்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அதுதான் கேள்வி.

"எட்டுன்னு என் வாயில வந்துடுச்சும்மா. முழுங்கிட்டேன். எட்டுன்னு சொன்னா துணியில சுத்தி ஓரமா வெச்சுட்டு என்னைப் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் பார்த்திருக்கேன், எங்க சித்தி புள்ளையை அப்படித்தான் வெச்சாங்க. நான் ஏழுன்னேன். குளிக்காம நின்ன மாசத்தை ஒண்ணு தள்ளிச் சொல்லிட்டேன். ஏழா, அப்ப பொழைக்கும்னாங்க. ஒருத்தி வெந்நி வெக்க ஓடறா. ஒருத்தி பஞ்சைத் திரிச்சு, என் பாலைப் பீச்சி, சொட்டு சொட்டா விடறா. உன் மாமனார் எங்கியோ போயி ஒரு டாக்டரைச் சைக்கிள்ல ஒக்கார வெச்சு இட்டாந்தாரு. எல்லாரும் அவனைச் சுத்திகினு நின்னாங்க. எட்டுன்னு சொல்லியிருந்தா யாரு நிப்பா?"

தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆனா உண்மை எனக்குத் தெரியுமே. எட்டு தங்காதுன்னு சொல்றாங்களே. இன்னிக்கிப் போவானா, நாளைக்கிப் போவானான்னு முப்பத்தஞ்சு வருஷமா பயந்துகினே இருக்கேன். ஊரை ஏமாத்திட்டேன். சாமியை ஏமாத்த முடியுமா? இப்ப என் பேரப்புள்ளையா வந்து கணக்கு கேக்குதோன்னு..."

மப்ளர், கஷாயம், மாமரம், ஸ்கூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. எவ்வளவு சிரித்திருக்கிறேன். அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, எட்டுல பொறந்த ஆளு அரக்கோணத்துல டூட்டி பார்த்துகினு இருக்காரு. அப்புறம் இன்னா பயம்?" என்றேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லிடாத" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அவர் போன பிறகு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேறுமா தேறாதா என்பது விதைக்குள்ளேயே எழுதி வைத்திருப்பது போலத்தான் இத்தனை நாள் பேசி வந்திருக்கிறேன். தேறும் என்று சொன்னால் தண்ணீர் ஊற்ற ஓடுவோம், தேறாது என்று சொன்னால் தட்டைக் கவிழ்த்துவிடுவோம். அப்புறம் பார்த்தாயா, நான் சொன்னது சரி என்போம். யார் கையில் வந்து விழுகிறது என்று டாக்டரம்மா சுற்றி வளைத்துச் சொன்னதும் இதைத்தான். நான் எத்தனை தட்டுகளை அவசரத்தில் கவிழ்த்திருப்பேன் என்று அன்று யோசித்தேன்.

ஆவணி பாதியில் பெண் பிறந்தாள். என் அப்பாவின் உள்ளங்கைக்கு அடங்குவாள் போலிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கொஞ்சம் தேறிய பிறகு, பிள்ளையைத் துணியில்லாமல் என் நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருக்கச் சொன்னார்கள். தாயின் சூடுதான் மருந்து என்றார்கள். உலகத்தில் என்னால் முடியாத ஒரே வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதுகு அரிக்கும். கால் மரத்துப் போகும். எழுந்து நாலு சுற்று சுற்ற வேண்டும் என்று உடம்பு கெஞ்சும். அசைந்தால் அவள் மூச்சு மாறும். நான் அசையவில்லை. என் முறை முடிந்து அத்தை முறை வரும்போது அவரும் ஜாக்கெட்டைத் தளர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு பிள்ளையை அணைத்துக்கொண்டு சாய்ந்திருப்பார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எத்தனை மாசம்? "ஏழு" என்று அத்தை முந்திக்கொண்டு சொல்வார். என்னைப் பார்க்க மாட்டார். கேட்டவர்கள் முகம் மலரும், அப்ப கவலை இல்லை என்பார்கள். அதற்குப் பிறகு நானும் ஏழு என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

வருடம் திரும்பியது. மலைமேல் முடி இறக்க வேண்டிக்கொண்டிருந்தோம், மகளுக்கும், அவள் அப்பாவுக்கும். சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து சவரம் செய்கிறார்கள். மகள் என் மடியில் வீறிட்டு அழுது, மொட்டையாகி, சந்தனம் பூசிக்கொண்டு, யாரோ கொடுத்த வாழைப்பழத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பி, கையில் மடிப்பு மடிப்பாகச் சதை. கணவருக்குப் பாதித் தலை ஆகியிருந்தது. கழுத்தில் மப்ளர், அதன் மேல் துண்டு.

மாமனாரின் தங்கை, வெளியூர்க்காரர், முன்பு பார்க்க வராதவர், குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இதுவா மாசம் நிறையாம பொறந்த புள்ள! குண்டா கீது பாரு. எத்தினி மாசத்துல பொறந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை சொன்னார்.

"எட்டு."

சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அத்தை குழந்தையின் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இவ அப்பனும் எட்டுதான். நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றார்.

என் கணவர் கல்லில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார். சவரம் செய்பவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தலையை ஆட்டாதீங்க சார்" என்றார். மாமனாரின் தங்கை வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். கணவர் அம்மாவை ஒரு முறை பார்த்தார், மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்து மப்ளரை உருவி, மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப நான் தேறிட்டேனாம்மா?"

அத்தை எழுந்து போய், அவருடைய பாதி மொட்டைத் தலையில் கை வைத்தார்.

"இன்னிக்கித்தான் நைனா" என்றார்.